தொண்டையடைப்பானும் உஷ்ணமும்



கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய எருமை ஒன்று, மாலையில் தீனி எடாமல் நின்று, மறுநாள் பொழுது விடிவதற்குள் மூச்சுத் திணறி மாண்டுபோமாயின், அக்குடும்பத்திற்குப் பால் நின்றுவிடும். கடன் தவணையோ நிற்பதில்லை. இவ்விதம் திடீரென்று உயிரைக் கவரும் வியாதிகளுள் ஒன்று தொண்டையடைப்பான்.

இதற்குக் காரணம் 'பாஸ்டுரெல்லா மல்டோசிடா' என்னும் கிருமி. நோயற்றனவாய்த் தோன்றும் சில மாடுகளின் மூக்கிலும் தொண்டையிலும் இது யாதொரு தீங்கும் செய்யாமல் தங்கியிருப்பதுண்டு. கடும் வெயில், நீண்ட பிரயாணம், தீனிக் குறைவு, அதிக உழைப்பு, முதல் மழையின் ஈரம் முதலியவற்றால் மாட்டின் தேகபலம் குன்றும்பொழுது, கிருமி பெருகி இரத்தத்திலும் சுவாசகோசத்திலும் பரவுகின்றது. பிற மாடுகளையும் தொற்றுகின்றது.

அப்பொழுது காய்ச்சல் காண்கின்றது. மாட்டின் இயற்கை உஷ்ணம் சுமார் 101.5 டிகிரி பாரன்ஹீட். இவ்வியாதியில் அது 104 டிகிரிக்கு மேலும் ஏறும். "அந்தச் சூட்டிலேயே கிருமி மாய்ந்துவிடாதோ?" என்று சிலர் வினவலாம். அவ்வாறு நம்பியிருத்தல் தகாது.

முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் கட்டிப்படுவதுபோல, உஷ்ணம் மிகுந்தால் கிருமியின் உடலிலுள்ள புரதங்களும் வடிவம் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதைத் தடுக்கவே, உஷ்ணம் ஏறிய சில நிமிஷங்களுக்குள் கிருமி சில காவற்புரதங்களை மிகுதியாக உண்டாக்கிக்கொள்ளுகின்றது. அவற்றுள் 'குரோ-ஈ-எல்' என்பது மூடியுள்ள குடுவையைப் போன்றது. குலைந்த புரதம் அதனுள் புகுந்து, மீண்டும் செம்மையாய் மடிந்து வெளிவருகின்றது. இத்தகைய உஷ்ண எதிர்ச்செயலை 1962-ஆம் வருஷத்தில் இத்தாலிய விஞ்ஞானி ரிட்டோசா பழ ஈக்களில் முதலில் கண்டு வெளியிட்டார். பின்னர் அது பாக்டீரியா முதல் மனிதர் வரை காணப்பட்டது.

ஆகையால், காய்ச்சல் தானே தணியுமென்று காத்திருப்பது கிருமிக்கு அவகாசம் கொடுப்பதேயாகும். தொண்டை வீங்கி மூச்சு அடைத்தபின் செய்யும் சிகிச்சை பெரும்பாலும் பலிப்பதில்லை. காய்ச்சல் கண்டவுடனே மாட்டைப் பிரித்து நிழலில் கட்டி, கால்நடை வைத்தியருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

மழைக்காலத்திற்கு முன்னரே ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவித்தல் அதனினும் சிறந்தது. ஒருவர் போட்டு அண்டை வீட்டார் விட்டுவிட்டால் ஊருக்குக் காவல் இல்லை. சங்கத்தார் ஒரு நாளைக் குறித்து, ஊர் மாடுகள் யாவற்றையும் ஒருங்கே கொண்டுவரச் செய்வார்களாக. அதற்கு ஒரு காலைப்பொழுது செலவாகலாம். அந்த வேலையை மறுநாள் செய்து கொள்ளலாம். மாண்ட எருமை மீள்வதில்லை.