சர்க்கார் உயர் பதவி: ஏற்பதா, மறுப்பதா?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதம் நம் குலத்து நண்பர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். வயது 44. தனியார் கம்பெனியில் இருபதாண்டு உழைத்து உயர்ந்தவர். சர்க்கார் ஸ்தாபனம் ஒன்றின் நிர்வாகத் தலைமைப் பதவிக்கு, மூன்றாண்டு ஒப்பந்தத்தின்மேல், அவருக்கு அழைப்பு வந்திருந்தது. அன்னையார் ஆனந்தக் கண்ணீர் சொரிந்தனராம், மனைவியார் மௌனமாயிருந்தனராம், நம் சங்கத்தாரோ பாராட்டுக் கூட்டத்திற்கு நாளே பார்த்துவிட்டனர். அவர் என்னை வினவியது ஒன்றுதான்: "ஏற்கலாமா, ஐயா?" அன்று அவருக்குக் கூறியதையே இன்று உங்கள் முன் விரித்துரைக்கிறேன்.

முற்காலத்தில் சர்க்கார் உத்தியோகம் என்றால் பரீட்சை தேறி இளமையில் நுழைந்து, முதுமையில் உபகாரச் சம்பளத்துடன் வெளிவருவது. நடு வயதில் வெளியிலிருந்து நேரே உயர்பதவியில் அமர்வது அபூர்வம். டாக்டர் மன்மோகன் சிங் 1971இல் பேராசிரியப் பதவியினின்று அயல்நாட்டு வாணிப இலாகாவின் பொருளாதார ஆலோசகராகச் சென்றது அத்தகைய அபூர்வங்களுள் ஒன்று. 2018இல் மத்திய சர்க்கார் இவ்வழியை அகலத் திறந்தது. பத்து ஜாயின்ட் செக்ரட்டரி பதவிகளுக்கு விளம்பரம் வந்தது. வயது 40 நிரம்பியிருக்க வேண்டும். 15 ஆண்டு அனுபவம் வேண்டும். ஒப்பந்தம் மூன்றாண்டு, ஐந்து வரை நீடிக்கலாம். 2019இல் ஒன்பதின்மர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவருள் ஒருவர் பதவியில் சேரவேயில்லை. 2024 ஆகஸ்டில் மேலும் 45 பதவிகளுக்கு விளம்பரம் வெளிவந்தது. இடஒதுக்கீடு இல்லையே என்ற கண்டனம் எழவே, சில தினங்களுக்குள் அது வாபஸ் பெறப்பட்டது. இவ்வழி எவ்வளவு நிலையற்றது என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே ஏற்குமுன் முதலாவதாக ஆராயத்தக்கது, அப்பதவி எதன்மேல் நிற்கிறது என்பது. நந்தன் நீலேகணி 2009இல் இன்போஸிஸ் கம்பெனியை விட்டு ஆதார் ஸ்தாபனத்தின் தலைமையை ஏற்றார். அந்த ஸ்தாபனம் அப்பொழுது சர்க்கார் உத்தரவு ஒன்றினாலேயே நின்றது. அவர் 2014இல் விலகினார். அதற்கான சட்டமோ 2016இல்தான் பிறந்தது. அவரைப் போன்ற செல்வமும் செல்வாக்கும் உடையோர்க்கு அது பொருந்தும். நம்மவர், அதிகாரம் யாது, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், எத்தனை ஆண்டு என்பவற்றை எழுத்தில் பெற்றபின்னரே கையொப்பமிடுதல் நலம்.

இரண்டாவது, பொருள். 2018 விளம்பரத்தில் கண்ட மாதச் சம்பளம் ரூ. 1,44,200 முதல் ரூ. 2,18,200 வரை. சாமானியர்க்கு இது பெருந்தொகை. பெரிய கம்பெனிகளில் தலைமை வகிப்போர் பலர்க்கோ இது குறைவு. வீட்டுக் கடனும் மக்கள் படிப்புச் செலவும் இக்குறைவைப் பார்த்து இரங்கமாட்டா. அம்மையாரின் மௌனத்தின் பொருள் இதுவே என்று நண்பர்க்குக் கூறினேன். கடன் உள்ளவன் நேர்மையற்றவனல்லன். ஆயின், மனத்திற்கு ஒவ்வாத உத்தரவு வரும் நாளில் "நான் செல்கிறேன்" என்று சொல்ல அவனுக்கு நா எழாது.

இங்கேதான் என் கருத்தின் மையம் உள்ளது. விலகும் துணிவு உடையவனே ஏற்கத் தகுந்தவன். டாக்டர் ஜான் மத்தாய் டாட்டா நிறுவனத்தில் டைரக்டராயிருந்தவர். அவர் வகித்தது உத்தியோகமன்று, மந்திரி பதவி; எனினும் பாடம் ஒன்றே. 1948இல் நிதி மந்திரியானார். திட்டக் கமிஷனுக்கு அளித்த அதிகாரத்தை ஒப்பாமல் 1950இல் அதைத் துறந்தார். அதனால் அவர் தாழ்ந்தாரா? 1955இல் ஸ்டேட் பாங்க் தோன்றியபோது அதன் முதல் தலைவராக அவரையே தேசம் அழைத்தது.

மூன்றாவது, நம்மைப் பற்றியது. கசப்பாயினும் சொல்லவேண்டும். நம்மவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்த மறுதினமே நாம் என்ன செய்கிறோம்? மைத்துனனுக்கு வேலை, மருமகனுக்கு மாற்றல், சிநேகிதனுக்குக் காண்ட்ராக்ட் என்று சிபார்சுக் கடிதங்களுடன் வாயிலில் நிற்கிறோம். கொடுத்தால் அவர் பெயர் கெடும். கொடாவிடில் "குலத்தை மறந்தான்" என்று தூற்றுவோம். நண்பர் அஞ்சியது டில்லியையன்று, நம்மையே. இதை அவர் வாய்விட்டுச் சொன்னபோது, இச்சங்கத்தின் பழைய அங்கத்தினனாகிய நான் தலைகுனிந்தேன். நானும் ஒரு காலத்தில் அத்தகைய கடிதங்கள் எழுதியவன்.

ஏற்பதும் மறுப்பதும் அவர் முடிவு. இல்லத்தாருடன் கணக்குப் பார்த்து, இவ்வார இறுதிக்குள் பதில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். மறுத்தால் அவரைக் கோழை என்னாதீர்கள். ஏற்றால் நாம் செய்யவேண்டிய உதவி ஒன்று உண்டு: அவர் பதவியில் உள்ளவரை ஒரு சிபார்சும் அனுப்புவதில்லை என்று இச்சபையிலேயே தீர்மானிப்போமாக. பாராட்டுக் கூட்டத்தையும் ஒத்திவைக்கக் கோருகிறேன். பதவி ஏற்கும் நாளில் மாலை வேண்டாம். மாசின்றி அவர் திரும்பி வரும் நாளில் அம்மாலையைச் சூட்டுவோம்.