பத்துப் படங்களும் ஒரு மூடியும்

பயணத்தில் சுமை குறைவாயிருத்தல் நலம். பெரிய பிலிமில் படமெடுக்க விழைவோர்க்கு இஃது எளிதன்று. ஆயினும், 1995-இல் ஜப்பானிலிருந்து வெளிவந்த மாமியா 7 போன்ற ரேஞ்ச்பைண்டர் காமிராக்கள் அவ்விடரைப் பெரிதும் நீக்கின. மேலெழுந்து விழும் கண்ணாடி இவற்றுள் இல்லை; ஆதலின் எடையும் குறைவு, ஓசையும் குறைவு. பார்வைச் சாளரத்தில் இரண்டாகத் தோன்றும் உருவத்தை ஒன்றாகப் பொருத்தினால், படம் தெளிவாக அமையும். 120 பிலிம் சுருளில் பத்தே படங்கள். ஒவ்வொன்றும் 35 மி.மீ. படத்தினும் ஏறத்தாழ நான்கரை மடங்கு பரப்புடையது.

ஆனால், நேயர்களே, நாம் காண்பது சாளரத்தின் வழியே. லென்ஸின் வழியே அன்று. இவ்வுண்மையை நாங்கள் பெங்களூர் லால்பாக்கில் உணர்ந்தோம். சுமார் 300 கோடி ஆண்டுகள் பழமையான அப்பாறையின் மீது, கெம்பே கௌடர் கோபுரத்தருகே, எங்கள் அன்னையாரை நிற்கச் செய்து, காலை இளவெயிலில் பத்துப் படங்களையும் எடுத்து முடித்தோம். சாளரத்தில் அவர் முகம் தெளிவாகவே தெரிந்தது. லென்ஸின் மூடியோ கழற்றப்படவே இல்லை! கழுவிய பிலிமில் ஓர் உருவமும் இல்லை.

மறு ஆண்டு அன்னையாரால் பாறையில் ஏற இயலவில்லை. அடிவாரத்தில், மரநிழலில் அமரச் செய்து எடுத்தோம். அப்படம் இன்று எங்கள் இல்லத்தில் இருக்கிறது. பாறைமேல் நின்ற கோலம் நினைவில் மட்டுமே இருக்கிறது.

அன்று தொட்டு, மூடியைச் சட்டைப்பையில் இட்ட பின்னரே காமிராவைக் கண்ணருகே கொணர்கிறோம். நேயர்களும் அவ்வாறே செய்வார்களாக.