ஆற்றைத் தெரிந்தவர் யார்?
(திருப்பூரில் பனியன் தொழிலாளர்களிடையே பேசியது)



கொல்கத்தா துறைமுகம் கடலோரத்தில் இல்லை. கடலிலிருந்து ஹூக்ளி ஆற்றுவழியே 200 கிலோமீட்டருக்கு மேல் ஏறி வரவேண்டும். மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ‘ஜேம்ஸ் அண்டு மேரி’ என்ற திட்டு விழுங்கிய கப்பல்கள் ஏராளம். ஆகவே வழிகாட்ட ‘பைலட்’ வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டிலேயே அந்த வேலையை ஏற்படுத்தியது. நல்ல சம்பளம், பெரிய மரியாதை. நெடுங்காலம் அது வெள்ளைக்காரர் உத்தியோகம்.

வங்க ஆறுகளிலேயே படகும் வலையுமாகப் பிறந்து வளர்ந்த மாலோ, ஜாலியா கைவர்த்தர்களுக்கு என்ன மரியாதை? அவர்கள் பிடித்த மீன் வேண்டும். அவர்கள் கையால் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள் மேல்சாதியினர். ஆற்று மக்களிடமே தண்ணீர்த் தீட்டு! வெள்ளைக்காரனுக்குத் தெரிந்தால் அது கல்வி, மாலோவுக்குத் தெரிந்தால் குலத்தொழில்.

மாலோக்களின் வாழ்வை ஒரு மாலோவே நாவலாக எழுதினார், அத்வைத மல்லபர்மன். 1951இல் இறந்தார், நூல் வந்தது 1956இல். தமிழர் நாம் அவரை எத்தனை பேர் அறிவோம்?

இன்று வங்காளத்திலிருந்து வந்து நம் பக்கத்து ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பவரை ‘வடக்கன்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். எத்தனை வருடம் தைத்தாலும் சம்பளப் பட்டியலில் ‘ஹெல்பர்’ என்றே எழுதுகிறார்கள். அதைத் திருத்தச் சொல்லி அவரோடு சேர்ந்து நாம் கேட்கலாம், இந்தச் சனிக்கிழமை சம்பளத்தன்றே.