ஒரு சொல்லின் பிறப்பு



சமயத்தின் தோற்றத்தை ஆராய்ந்த மேனாட்டார், கல், மரம் முதலிய பொருள்களையே தெய்வமென வழிபடுவதைப் 'பெற்றிஷிசம்' என்றனர். மேற்கு ஆபிரிக்கக் கரையில் வாணிகஞ் செய்த போர்த்துக்கேயர், அம்மக்களின் வழிபாட்டுப் பொருள்களுக்கு இட்ட 'பெயித்திசோ' என்னும் பெயரே இதன் மூலம். 'செய்யப்பட்டது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிற் பிறந்த அதற்குச் சூனியம் என்றும் பொருளுண்டு. 1760இல் பிரெஞ்சு அறிஞர் டி புரோஸ் இதனை நூல்வழக்காக்கி, ஆதிச் சமயம் இதுவே என்றார். 1878இல் மாக்ஸ் முல்லர் அக்கொள்கையை மறுத்தார்.

நமது கொக்குவிலுக்கு அயலே, நல்லூர்க் கோயிலை இடித்தவரும் போர்த்துக்கேயரே. ஆதலின், வழிபடுவோரைக் கேளாது அயலார் இட்ட பெயர் ஆராய்ச்சி முடிபாகாது என்பதை நாம் நன்குணர்வோம். பிறர் வழிபாட்டுக்கு நாம் பெயரிடும்போதும் இதனை மறவாதிருப்போமாக.