கீற்றுக் கொட்டகை புகட்டும் பாடம்

(திருமயத்தில் ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை முதலியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய முகாமில் சினிமாக் கொட்டகைக்கு என்ன வேலை என்று தங்களுட் சிலர் எண்ணக்கூடும். இவ்வூர் மண்ணில் 1887ஆம் ஆண்டு பிறந்த தீரர் சத்தியமூர்த்தி நாடக மேடையில் நடித்தவர். தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் முதல் தலைவராகவும் விளங்கியவர். ஆகவே திருமயத்தில் இதைப் பேசுவது பொருத்தமே. மேலும், மக்கள் திரளாகக் கூடும் இடம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதைப் பழைய கொட்டகைகளின் வரலாறு நமக்குத் தெளிவாகக் கற்பிக்கிறது.

திருச்சிராப்பள்ளியில் ரயில்வே அலுவலகத்தில் பணியாற்றி வந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டு டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். பின்னர், 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். அதற்கு முந்திய ஆண்டில் சென்னை மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டர் எழுந்திருந்தது. இவ்வாறு கூடாரம் கட்டடமாயிற்று.

கட்டடத்தின் தேவைக்கு மழையும் காற்றும் மட்டும் காரணமல்ல. அக்காலப் படச்சுருள் நைட்ரேட் கலந்த பொருளால் ஆனது. தீப்பற்றினால் நீரில் அமிழ்த்தினாலும் எளிதில் அவியாது. ஆகவேதான் 1918ஆம் ஆண்டின் சினிமாச் சட்டம், படங்களைத் தணிக்கை செய்வதோடு நில்லாமல், காட்டும் இடத்தின் பாதுகாப்பையும் உரிமத்திற்கு நிபந்தனையாக்கியது. நம் மாநிலத்தில் 1955ஆம் ஆண்டுச் சட்டமும் 1957ஆம் ஆண்டு விதிகளும் அதனை விரிவுபடுத்தின. கருவி அறை தீக்கு இடங்கொடாத சுவருடன் இருத்தல் வேண்டும். போதிய வெளிவழிகள் வேண்டும். தீயணைக்கும் சாதனங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும் என்பன அவற்றின் நோக்கம்.

சிற்றூர்களுக்கு வந்தவை டூரிங் கொட்டகைகள். கீற்றுக் கூரை, மணல் தரை, பின்னால் பெஞ்சும் நாற்காலியும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே ஒரு தடுப்பு. மின்சாரம் எட்டாத ஊர்களில் ஆயில் என்ஜின். ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் எழுந்ததும் சுற்றுக் கிராமத்தார் வண்டி பூட்டிக்கொண்டு வருவர். வசூலான கேளிக்கை வரியின் பெரும்பகுதி உள்ளாட்சி மன்றங்களுக்கே கிடைத்தமையால், கொட்டகை வந்தால் ஊராட்சிக்கும் வருவாய் உண்டு.

நிற்க. 1950களில் நைட்ரேட் சுருள் வழக்கொழிந்தது. ஆபத்து நீங்கிற்று என்று பலரும் கருதினர். ஆயினும் கூரை கீற்றாகவே இருந்தது. 1979ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தூத்துக்குடியில் டூரிங் கொட்டகை ஒன்று தீப்பற்றிப் பலர் மாண்டனர். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளியொன்றின் கீற்றுக் கூரையில் தீப்பற்றி 94 குழந்தைகள் உயிரிழந்தனர். முன்னது கேளிக்கைக்கான இடம். பின்னது கல்விக்கான இடம். கீற்றுக்கு அவ்வேறுபாடு தெரியாது.

தொலைக்காட்சி வந்தபின் டூரிங் கொட்டகைகள் அருகி மறைந்தன. ஆனால் கொட்டகை மறையவில்லை. திருவிழாப் பந்தல், திருமணப் பந்தல், நாடகப் பந்தல் என்று இன்றும் நம் ஊர்களில் அது எழுந்துகொண்டேதான் இருக்கிறது. சினிமாக் கொட்டகைக்கு உரிமம் வழங்க ஆட்சியர் இருந்தார். சோதித்துப் பார்க்க அதிகாரிகள் இருந்தனர். ஊர்ப் பந்தலைச் சோதித்துப் பார்ப்பவர் யார்? தாங்களேதாம்.

ஆதலால், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இவற்றை முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். பந்தலுக்கு எதிரெதிரே இரு வழிகளேனும் விடப்படல் வேண்டும். அவ்வழிகளில் பெஞ்சோ, கடையோ, வண்டியோ நிற்றல் கூடாது. சமையல் அடுப்பு கீற்றினின்று விலகியிருத்தல் வேண்டும். ஒட்டுப்போட்ட மின்கம்பியைக் கூரைமேல் இழுத்தல் ஆகாது. நீர் நிறைந்த பீப்பாயும் மணல் வாளியும் அருகில் இருத்தல் வேண்டும். சமுதாயக் கூடம் கட்டும் ஊராட்சிகள் அதன் கதவுகளை வெளிப்புறமாகத் திறக்குமாறு அமைத்தல் வேண்டும். உட்புறம் திறக்கும் கதவைக் கூட்ட நெரிசலில் திறக்க இயலாது. இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குச் செலவு மிகச் சிறிது, கவனமே பெரிது.

பந்தல் போடுவோர் நம் ஊராரே. உள்ளே அமர்வோரும் நம் பிள்ளைகளே. திருவிழாக் கணக்கில் வாண வேடிக்கைக்கு ஒரு தொகை ஒதுக்கும்போதே, ஒரு பீப்பாய் நீருக்கும் இடம் ஒதுக்குவீர்கள் என்று நம்புகிறோம்.