தங்காலின் கதவு

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்டு குன்றுகளிடையே உள்ள பழைய கல்வீட்டுச் சிற்றூர்களைக் காண உலகெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர். அர்ச்சுனா ஆற்றங்கரையில், ஆனைக்குட்டத்தில் வாழும் நான் காட்ட விரும்புவது அண்மையிலுள்ள திருத்தங்கலை. சிவகாசிக்குச் செல்வோர் பலர் இறங்காமலே கடந்துவிடும் ஊர் அது. குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில்; 108 திருப்பதிகளுள் ஒன்று.

சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் வரும் தங்கால் இவ்வூரே என்பர். மறையைப் பிழையின்றி ஓதிய சிறுவனுக்குப் பராசரன் என்னும் அந்தணன் அணிகலன்களைப் பரிசளித்தான். புதையல் கவர்ந்த பொருளென்று ஐயுற்ற அரசு ஏவலர், சிறுவனின் தந்தை வார்த்திகனைச் சிறையிட்டனர். மனைவி கார்த்திகை நிலத்திற் புரண்டு அழுதாள். ஐயை கோயிற் கதவு திறவாது நின்றது. உண்மை உணர்ந்த பாண்டியன் அவனை விடுவித்து, திருத்தங்காலையும் வயலூரையும் வழங்கி, மண்ணில் வீழ்ந்து பொறுத்தருள வேண்டினான்.

பாண்டியர் செங்கோல் வழுவாதவர் என்று காட்டவே மதுரைத் தெய்வம் இக்கதையைக் கண்ணகியிடம் கூறுகிறது. கணவனை அவ்வூரிலேயே பறிகொடுத்தவள் அதனை எம்மனத்தோடு கேட்டிருப்பாள்! வகுப்பில் நான் இவ்வினாவை எழுப்பும்போதெல்லாம் மாணவர் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவர்.

விடுமுறையில் புகைவண்டியில் வருவோர் திருத்தங்கல் நிலையத்திலேயே இறங்கலாம். காதையைப் படித்துவிட்டு வாருங்கள்.