அடுப்படியும் பள்ளியே
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவிலே சோற்றைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். காலை வழிபாட்டில் மயங்கி விழும் பிள்ளையைத் தூக்கி நிறுத்தி, "என்னம்மா சாப்பிட்டாய்?" என்று கேட்டுத் தலைகுனிந்த நாள்கள் நமக்குப் பலவுண்டு. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது. ஆதலின் சோறும் கல்வியின் பகுதியே ஆகும்.

பள்ளியிலே சுடச்சுடச் சமைத்துப் பரிமாறும் பணிக்குத் தமிழகத்தில் நெடிய வரலாறு உண்டு. 1920-ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் சென்னை நகராட்சிக்குத் தலைவராயிருந்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு தொடங்கப்பெற்றது. 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைக் கொணர்ந்தபோது, அரசின் பங்கோடு ஊராரின் நன்கொடையும் சேர்ந்தே உலை கொதித்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவுத் திட்டம் வந்தது. சிற்றூர்களில் மகளிர் சுயஉதவிக் குழுவினரே அதனைச் சமைக்கின்றனர்.

அரிசி அரசு தரும். அதனைச் சமைக்கும் கை எவருடையது? இவ்வினாவில்தான் நம் தன்மானம் அடங்கியுள்ளது. 2004-இல் உச்ச நீதிமன்றம், சமையலர், உதவியாளர் பணிகளில் தலித் மக்களுக்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை வழங்குமாறு ஆணையிட்டது. ஆயினும் 2018-இல் திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், நம் சகோதரி ஒருவர் சமைக்கலாகாது எனச் சிலர் தடுத்தனர். அவருக்கு இடமாற்ற ஆணையும் பிறந்தது. மக்கள் திரண்டு எதிர்த்த பின்னரே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. தடுத்தோர் மீது வழக்கும் பதிவாயிற்று.

இதனின்று நாம் கற்பது யாது? சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. அதன் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். பசித்தவனுக்குச் சோறு கிடைத்தால் வயிறு நிறையும். நம் அன்னை சமைத்த சோற்றை ஊர்ப்பிள்ளைகள் அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டாலோ, தீண்டாமை என்பது பொய்யென்று ஒரு தலைமுறை ஏடு திறவாமலே கற்றுவிடும். அந்த வரிசையில் உட்காராது வீட்டிலிருந்து தனித்தட்டு வருமாயின், அதே வேகத்தில் தீண்டாமையையும் பிள்ளைகள் கற்றுக்கொள்வர்.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம். முதலாவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் இடம்பெறச் செய்யுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினர்க்கும் அதில் உரிய இடம் உண்டு. இரண்டாவது, சமையலர் பணிக்கு அறிவிப்பு வரும்போது, தகுதியுடைய நம் சகோதரியர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். மூன்றாவது, அவர்கள் ஏற்றிய அடுப்பை எவரேனும் அணைக்க வந்தால், பூசலின்றி, ஆனால் அசையாது, சட்டத்தைக் கையிலேந்தி அருகில் நில்லுங்கள்.

வரிசையில் தட்டேந்தி நின்ற தலைமுறை நாம். இனிக் கரண்டி பிடிக்கும் கையும், குழுவில் கையொப்பமிடும் கையும் நம்முடையனவாகவும் இருக்கட்டும்.